வந்தவளும் இருந்தவளும் எழுந்திராதவனும்

1

தென்புறநகர் மின்ரயிலில் தினமும் இரண்டு அபிப்ராயங்கள் பிரயாணம் செய்கின்றன. வடக்கேயிருந்து ஆட்கள் வந்து நம் பெண்களின் பிழைப்பைப் பறித்துவிட்டார்கள் என்பது ஒன்று. அவர்கள் வந்ததால்தான் நம் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டு வருகிறவர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் 2025-இல் விடப்பட்ட குளிர்சாதன வண்டியில் உட்கார்ந்து வருகிறவர்கள்.

ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இந்த இரண்டும் ஒரே பொய்யின் இரு பாதிகள் என்பது என் கட்சி. இரண்டிலும் 'நம் பெண்கள்' வருகிறார்கள். ஆனால் இரண்டு வேறு பெண்கள். முதலாவதில் இருப்பவள் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியோடு பல்லாவரத்திலோ வேளச்சேரியிலோ தெருமுனையில் நிற்கிற சித்தாள். இரண்டாவதில் இருப்பவள் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவள். வந்தவன் ஒருத்தியின் வேலையை எடுத்துக்கொண்டான், வந்தவள் இன்னொருத்திக்கு நேரத்தைக் கொடுத்தாள், வரவுக்கும் செலவுக்கும் சரியாகிவிட்டது என்று பேரேட்டை மூடிவிடலாம். மூடியும் விடுகிறார்கள். ஆனால் இரண்டு பெண்களின் வீட்டிலும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கணக்கில் அவன் பெயரில் ஒரு பதிவும் இல்லை. அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

2

முதலில் நிபுணர்களைப் பார்த்துவிடுவோம். பட்ரீஸியா கோர்ட்டெஸ், ஹோஸே தெஸாதா என்ற இருவர் 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வை வெளியிட்டார்கள். 1980-க்கும் 2000-க்கும் இடையில் அதிகம் படிக்காத அந்நியர்கள் நிறையக் குடியேறிய நகரங்களில், சம்பள ஏணியின் மேல்படியில் இருந்த பெண்கள் அலுவலகத்தில் கூடுதல் நேரம் செலவிட்டார்கள், வீட்டுவேலையில் குறைந்த நேரம் செலவிட்டார்கள் என்பது அவர்கள் முடிவு. வீடு துடைக்க, துணி வெளுக்க, குழந்தை பார்க்க ஆள் மலிந்ததே காரணம். டெலியா ஃபர்டாடோ போன்றவர்கள் இதைப் பிள்ளைப்பேற்றுக்கும் நீட்டினார்கள். ஆள் மலிவாகக் கிடைக்கிற ஊரில் படித்த பெண்ணுக்கு வேலையா பிள்ளையா என்ற இழுபறி தளர்கிறது என்றார்கள்.

சிங்கப்பூர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களை வேலைக்கு அனுப்பவேண்டும் என்பதற்காகவே 1978-இல் அயல்நாட்டுப் பணிப்பெண்களை வரவழைக்கும் திட்டம் ஒன்றை அது கொண்டுவந்தது. வந்த பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை நடத்தினார்கள். கர்ப்பமானவளைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளூர்ப் பெண் வேலையும் பார்த்துப் பிள்ளையும் பெறலாம் என்பதற்காக வந்தவள் பிள்ளை பெறக்கூடாது. இதைவிடத் தெளிவாக எந்த அரசாங்கமும் உண்மையைச் சொன்னதில்லை.

இந்த ஆய்வுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை எண்ணியதைச் சரியாகவே எண்ணியிருக்கின்றன. ஒரு பெண்ணுக்கு வாரத்தில் இத்தனை நிமிஷம் மிச்சம், அதை இன்னொரு பெண் கொடுத்தாள் என்பது எண்ணிக்கை. அந்த நிமிஷங்களை அதே வீட்டில் இருந்த ஆண் ஏன் கொடுக்கவில்லை என்பது எண்ணிக்கையில் வராது. அது விமர்சகனின் கேள்வி.

3

நான் தென்புறநகரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. பெண்ணின் 'முடிவுகள்' பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விண்ணப்பப் படிவங்களிலிருந்து தெரிந்துகொண்டது.

மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ ஓர் அபார்ட்மெண்ட் வாங்க ஒரு சம்பளம் போதாது. புருஷன் பெண்டாட்டி இருவர் சம்பளத்தையும் கூட்டித்தான் கடன்தொகையை நிர்ணயிக்கிறோம். இருபது வருஷத் தவணை. இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கையெழுத்தில் அவள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துபோகிறது. அதன்பிறகு அதைப் 'பெண்ணின் சுயவிருப்பம்' என்று பத்திரிகைகள் எழுதுவது வேடிக்கை.

பிறகு பிள்ளை பிறக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்புத் தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தில் தகப்பனுக்கு ஒரு நாள் விடுப்பும் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் பிள்ளை என்பது தாய் மட்டும் சம்பந்தப்பட்ட சங்கதிதான். 27-ஆம் வாரத்தில் அவளுடைய அம்மா ஊரிலிருந்து வருகிறாள். அம்மாவுக்கு முட்டிவலி வந்ததும் மாமியார் வருகிறாள். இரண்டு கிழவிகளும் தேய்ந்தபிறகு ஏஜென்சிக்குப் போன் போகிறது. ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ ஒரு பெண் துணிப்பையோடு வந்து இறங்குகிறாள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் புறப்படும் ரயில்களில் சில நம் தாம்பரத்தில்தான் பயணத்தை முடிக்கின்றன.

வந்தவள் யாரை விடுவித்தாள்? மனைவியை என்கிறார்கள். மனைவி அலுவலகத்திலிருந்து ஆறு தடவை போன் செய்கிறாள். பால் கொடுத்தாயா, ஜுரம் பார்த்தாயா, காஸை அணைத்தாயா. ஏஜென்சியோடு பேரம் பேசுவது அவள். வந்தவள் ஊருக்குப் போகிறேன் என்றால் லீவு போடுவது அவள். இந்தியும் கைச்சைகையுமாகச் சண்டை போடுவதும் சமாதானம் செய்வதும் அவள். வேலை கையிலிருந்து மண்டைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முழுசாக விடுதலை ஆனவன் அவள் கணவன். ஆள் வராதிருந்தால் என்றைக்காவது ஒருநாள் அவன் எழுந்திருக்க வேண்டியிருந்திருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது, அவன் அம்மாவுக்குப் படுக்கைத்தட்டு வைக்கவேண்டி வரும்போது, ஒரு சண்டை வந்திருக்கும். அந்தச் சண்டையில் நம் குடும்பம் என்கிற அமைப்பே கொஞ்சம் அசைந்திருக்கும். வந்தவள் அந்தச் சண்டையை வரவிடாமல் செய்துவிட்டாள். மாதச் சம்பளம் கொடுத்து நாம் வாங்குவது இந்த அமைதியைத்தான்.

அந்தச் சம்பளத்தை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள். 'உன் சம்பளத்தில் பாதி ஆயாவுக்கே போகிறது, பேசாமல் வேலையை விட்டுவிடேன்.' இந்த வாக்கியம் பேசப்படாத மத்தியதர வர்க்க வீடு தென்புறநகரில் இருக்கிறதா? ஆயாவின் சம்பளம் எப்போதும் மனைவியின் சம்பளத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. பிள்ளை இருவருடையது. வீட்டுக்கடன் இருவருடையது. ஆயா மட்டும் அவளுடைய செலவு. இரண்டாவது பிள்ளை வேண்டுமா என்பது இந்தக் கழித்தல் கணக்கில் தீர்மானமாகிறது.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைகள் சராசரி 1.4 என்று 2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்லிற்று. தொகுதி மறுவரையறையில் நாற்காலிகள் குறைந்துவிடும் என்ற கவலையில் 2024 அக்டோபரிலும் 2025 மார்ச்சிலும் கல்யாண மேடைகளிலிருந்தே பிள்ளை பெறும்படி முதலமைச்சர் ஸ்டாலின் பேசினார். நாற்காலிக் கவலை நியாயமாகவே இருக்கட்டும். பிறக்கப்போகும் பிள்ளையின் மூத்திரத்துணியை யார் அலசுவது என்று எந்த மேடையிலும் மாப்பிள்ளையைப் பார்த்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

4

இனி அந்தச் சித்தாளிடம் வருவோம். அவள்தான் 'பறிகொடுத்தவள்'.

மணல் அள்ளுவது, செங்கல் சுமப்பது, கலவைச் சட்டியைக் கைமாற்றிச் சாரத்தில் ஏற்றுவது, பூசின சுவருக்குத் தண்ணீர் விடுவது இவையெல்லாம் சித்தாள் வேலை. அவளோடு வேலைக்குச் சேர்ந்த பையன் ஐந்து வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறான், பத்து வருஷத்தில் மேஸ்திரி. அவள் முப்பது வருஷம் கழித்தும் சித்தாள். கரணை அவள் கைக்கு வரவே இல்லை. மறுத்தவன் பீகாரி அல்ல. அவள் ஊர்க்காரன், அவள் ஜாதிக்காரன், பல சமயம் அவள் புருஷன்.

கரணை இல்லாததால் அவளிடம் விற்க இருந்தது சுமக்கிற தலை ஒன்றுதான். முதலில் அதைக் கான்கிரீட் லாரியும் பம்பும் வாங்கிக்கொண்டன. மிச்சத்துக்கு வடக்கேயிருந்து வந்த ஆண்கள் வந்தார்கள். ஒரே ஊரிலிருந்து இருபது பேரை ஒரு தலைவன் கூட்டிவருகிறான். கட்டுமிடத்திலேயே தகரக் கொட்டகை. காலை ஆறிலிருந்து இருட்டும்வரை, கான்கிரீட் போடுகிற நாளில் நடுராத்திரிவரை வேலை. இவர்கள் கூலி குறைவு என்பதால்தான் காண்ட்ராக்டர் இவர்களை எடுக்கிறான் என்று சொல்வது பாதி உண்மை. கூலியைவிட அவனுக்குப் பிடித்தது, இவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை என்பது. சித்தாள் ஆறு மணிக்குப் போகவேண்டும். தண்ணீர் லாரி, ரேஷன் கடை, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளை, குடித்துவிட்டு வருகிற புருஷன். அவள் உடம்போடு ஒரு குடும்பமும் வேலைக்கு வருகிறது. வந்தவனுக்கும் குடும்பம் உண்டு. அது ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. அவன் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கி, அவன் அப்பனுக்குக் கஷாயம் வைத்து, அவன் காணிநிலத்தில் களை பிடுங்க அங்கே ஒருத்தி இருக்கிறாள். காண்ட்ராக்டர் வாங்குவது குடும்பத்தைக் கழித்துவிட்ட உடம்பு. அதோடு எந்த உள்ளூர்ப் பெண்ணும் போட்டிபோட முடியாது. அவள் சோம்பேறி என்பதால் அல்ல, அவளுக்குப் பின்னால் அடுப்பை எரிக்க ஒருத்தி இல்லை என்பதால்.

கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் வருஷத்துச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமிடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று சொன்னது. பெண்ணே இல்லாத கட்டுமிடத்தில் பிள்ளை அறை எதற்கு? சட்டத்தை மீறாமலேயே சட்டத்திலிருந்து தப்பித்தாயிற்று.

'வந்தவன் பறித்தான்' என்பவர்களுக்கு மவுலிவாக்கத்தை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2014 ஜூன் 28 அன்று அங்கே பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திராவின் வடகோடி ஜில்லாக்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அதில் இருந்தார்கள், தமிழ்நாட்டுக் கூலிகளும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். இடிபாட்டுக்கடியில் பறித்தவர் யார் பறிகொடுத்தவர் யார் என்று பிரிக்க முடியவில்லை.

5

வேலை போன சித்தாள் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. உட்கார அவளுக்கு வசதியில்லை. எந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தாளோ அதே கட்டடத்தில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். நாலு வீடு, ஐந்து வீடு. வடக்கேயிருந்து வந்தவள் தங்கி வேலை செய்கிற வீட்டிலும் பெருக்கித் துடைக்க இவள் வருகிறாள். ஒரே சமையலறையில் வந்தவளும் இருந்தவளும் பாஷையில்லாமல் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். வந்தவளின் பிள்ளைகளை ஜார்க்கண்டில் அவள் அம்மா பார்த்துக்கொள்கிறாள். இருந்தவளின் பிள்ளையை அவளுடைய மூத்த பெண் பார்த்துக்கொள்கிறாள். அந்த மூத்த பெண் எட்டாம் வகுப்போடு நின்றால், அவளைப் பதினெட்டு முடியுமுன் யாருக்காவது கட்டிக்கொடுத்தால், அந்தக் குடும்ப முடிவுகளும் இந்தச் சமையலறையில் எடுக்கப்பட்டவைதாம்.

'இருந்தவள்' என்று சொல்கிறேன். யார் இருந்தவள்? துரைப்பாக்கத்தை ஒட்டிய கண்ணகி நகர் 2000-ஐ ஒட்டி எழுந்தது. 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தின் எட்டு மாடி அடுக்குகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரத்துச் சேரிகளிலிருந்தும் பெயர்த்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் இவற்றில் இருக்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பல ஆயிரம் குடும்பங்கள் வந்தன. நடந்துபோகிற தூரத்தில் வேலைவீடு வைத்திருந்த பெண்கள் இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொட்டப்பட்டார்கள். வேலை போயிற்று. புது இடத்தில் வேலை கேட்டால் விலாசத்தைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது. நாலு தலைமுறையாக மெட்ராஸில் பிறந்தவள் இங்கே அந்நியள். திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பத்து வருஷம் முன் வந்து அபார்ட்மெண்ட் வாங்கியவள் மண்ணின் மகள். தாம்பரத்தில் எல்லாரும் வந்தவர்கள்தாம். மின்ரயில் 1931-இல் வந்தது. கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் வந்தது. தோல் தொழிற்சாலை வந்து தன் பெயரைக் குரோம்பேட்டைக்குக் கொடுத்தது. 1984-இல் சானடோரியத்துப் பக்கம் ஏற்றுமதி மண்டலம் வந்து, கிராமத்துப் பெண்களைத் தையல் மெஷின்முன் உட்காரவைத்தது. எவன் முன்னால் வந்தான் என்பதை வைத்து உரிமை பேசுவது வீட்டுமனைத் தரகன் பாஷை.

2020-இன் ஊரடங்கு இதைக் கண்ணெதிரே நடத்திக்காட்டிற்று. வந்தவர்கள் நடந்தும் ரயிலேறியும் ஊர் திரும்பினார்கள். அபார்ட்மெண்ட் சங்கங்கள் வேலைக்காரிகளுக்குக் கேட்டை மூடின. வந்தவளும் இல்லை, இருந்தவளும் இல்லை. கணவன் இருபத்துநாலு மணிநேரமும் வீட்டில். வரலாறு அவனுக்குக் கொடுத்த சந்தர்ப்பம் அது. சில வீடுகளில் எழுந்தான், சந்தோஷம். பெரும்பாலும் என்ன நடந்தது என்பதை, அந்த மாதங்களில் வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சம்பளக் கணக்கைச் சேமிப்புக் கணக்காக மாற்றித்தரச் சொல்லி வந்த பெண்கள் எனக்குச் சொன்னார்கள். அந்தக் காரணத்துக்காக ஓர் ஆண் வந்ததை நான் பார்க்கவில்லை.

6

இதில் இலக்கியம் எங்கே வந்தது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் கேட்கலாம். வரவில்லை என்பதுதான் என் புகார்.

அண்ணாதுரையின் 'வேலைக்காரி' நாடகமாகி 1949-இல் சினிமாவாயிற்று. ஜமீன்தார் மகன் வேலைக்காரியைக் கட்டிக்கொள்கிறான், பிரச்னை தீர்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பாத்திரத்தை யார் தேய்த்தார்கள் என்று நாடகம் கேட்கவில்லை. அது பிரசாரம், விட்டுவிடலாம். நம் நவீனச் சிறுகதைக்காரன் செய்தது என்ன? வேலைக்காரி அவனுக்கு ஒரு தார்மீகச் சந்தர்ப்பம். திருடியதாகச் சந்தேகப்பட்டு, பிறகு காணாமற்போனது கிடைத்து, வீட்டுக்காரர் மனம் கூசுவதற்காக அவள் கதைக்குள் வருகிறாள். மனக்கூச்சம் முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறாள். புதுக்கவிஞனுக்கு அவள் ஒரு படிமம். சாம்பல், பித்தளை, வெடித்த விரல். அவளுக்கு என்ன சம்பளம், அவள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவிதை விசாரிக்காது. விசாரித்தால் படிமம் கெட்டுவிடும்.

புதுமைப்பித்தன் ஒருவர்தான் விஷயத்தை வேறு முனையிலிருந்து தொட்டார். 'செல்லம்மா'ளில் பிரமநாயகம் பிள்ளை தெற்கேயிருந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்த ஜவுளிக்கடைச் சிப்பந்தி. பக்கத்தில் சுற்றமில்லை, ஆள் வைத்துக்கொள்ளும் வருமானமில்லை. ஆகவே சீக்காளி மனைவிக்கு வேண்டியதையெல்லாம் அவரே செய்கிறார். வந்த இடத்தில் யாரும் இல்லாததால் ஓர் ஆண் எழுந்தான். அந்த எழுச்சியைப் பெரிய புரட்சி என்று புதுமைப்பித்தன் கொட்டி முழக்கவில்லை. ஆனால் புலப்பெயர்ச்சி குடும்பத்தை என்ன செய்யக்கூடும் என்பதற்கு நம் மொழியில் அதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரியாது. பிரமநாயகம் பிள்ளைக்கு ஒரு ஏஜென்சி நம்பர் கிடைத்திருந்தால் அந்தக் கதை இல்லை.

பிறகு அம்பை, 1988-இல் வந்த தொகுப்பில், வீட்டின் மூலையிலிருந்த சமையலறைக் கதவைத் திறந்து, அதைப் பெண்ணின் ராஜ்யம் என்று நம்பவைத்த மோசடியைக் காட்டினார். இன்று அதே மூலையில் அசாமியப் பெண் நிற்கிறாள். நம் எழுத்து இன்னும் கூடத்தில் உட்கார்ந்து காப்பிக்குக் காத்திருக்கிறது.

7

படித்த பெண் வேலையை விட்டு அடுப்படிக்குத் திரும்பவேண்டும் என்கிறாயா என்று ஒரு முகாமும், வந்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று மறு முகாமும் கேட்கும். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலைக்குப் போகட்டும். சித்தாள் கரணை பிடிக்கட்டும். வந்தவள் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரட்டும். அவர்களுக்குத் தாம்பரத்து முனிசிபல் பள்ளியில் பெஞ்சு போடட்டும். வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் அமைந்த நல வாரியத்தில் அவள் பெயரும் ஏறட்டும். 2021-இல் பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றாக்கிய அரசாங்கம், பெரும்பாக்கத்துப் பெண்ணை வேலைவீட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. நல்ல காரியம். 2023 செப்டம்பரில் குடும்பத்தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்து அதற்கு 'உரிமைத்தொகை' என்று பெயர் வைத்தது. வீட்டுவேலையும் வேலைதான் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டது அதைவிட நல்ல காரியம். ஆனால் பஸ்ஸும் பணமும் அவளை நோக்கியே வருகின்றன. அவனை நோக்கி ஒரு சட்டமும் வரவில்லை, ஒரு கேள்வியும் வரவில்லை.

வந்தவர்களை விரட்டச் சொல்பவர்கள், விரட்டிய மறுநாள் தங்கள் வீட்டில் யார் பாத்திரம் தேய்ப்பார் என்று முதலில் சொல்லட்டும். வந்தவர்களால் பெண் விடுதலை என்பவர்கள் ஒரே ஒரு சின்னக் காரியம் செய்தால் போதும். அடுத்த மாதம் முதல் ஆயாவின் சம்பளத்தைக் கணவன் சம்பளத்திலிருந்து கழித்து எழுதுங்கள். பாதி அதற்கே போகிறது, பேசாமல் வேலையை விட்டுவிடலாமே என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் முகத்தைக் கவனியுங்கள். எந்த ஆய்விலும் இல்லாத புள்ளிவிவரம் அங்கே கிடைக்கும்.